கிளட்ச் பக்கம் ஆயில் சொட்டுகிறதா? கியர்பாக்ஸை இறக்குமுன் மேலே பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. தினமும் காலையில் தரையில் நாலைந்து சொட்டு ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து விழுகிறது. கிராங்க் ஆயில் சீல் (கியர்பாக்ஸ் பக்கம் எஞ்சின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டியில் அதே இடத்தில் சொட்ட வைக்கும் இன்னொரு ஒழுக்கு உண்டு. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கிறது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்தான் அதைச் சுழற்றுகிறது என்பதால் அங்கே எப்போதும் ஆயில் இருக்கும். அதை வெளியே வராமல் தடுப்பது ஒரு ரப்பர் ஓ-ரிங். இத்தனை வருடச் சூட்டில் அது பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். அப்புறம் கசியும் ஆயில் ஹெட்டின் பின்புறமாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழுந்து, வளைவைச் சுற்றிக்கொண்டு அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் போலவே தெரியும். ஹெட்டின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் அந்த மூலையில் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா? ஒரு வெள்ளை அட்டையில் பிடித்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். அப்படியென்றால் ஒழுக்கு எஞ்சினில் இல்லை, கியர்பாக்ஸில்.

எஞ்சின் ஆயில் என்றால், எஞ்சின் ஆறியபின் டேப்பெட் கவரிலிருந்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் வரை பிரஷ்ஷும் டீசலும் கொண்டு கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலும் கியர்பாக்ஸ் இணைப்பிலும் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஊற்று. அதற்குக் கீழே நனைந்தவை எல்லாம் வழிந்தவை. காருக்கு அடியில் போவதானால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்று தெரிந்தால், ஓ-ரிங்கை மாற்றக் கழற்றுமுன் அதன் உடல் நிற்கும் கோணத்தையும் உள்ளே சுழலும் ரோட்டரின் திசையையும் பெயிண்டால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே இழுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். அதையும் குறிக்க வேண்டும். அது வெளியே இருக்கும்போது எஞ்சினைச் சுற்றவே கூடாது. திரும்பப் பொருத்தியதும் டைமிங் லைட் வைத்து, தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

டேப்பெட் கவர் என்றால் புதுப் பேக்கிங் போதும். பழைய பேக்கிங்கை வைத்துக்கொண்டு நட்டை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து, ஒழுக்கு கூடும். சம்ப்புக்கு அப்பும் பசையை இங்கே அள்ளிப் பூசுவதையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டு ஒன்று ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெயினரில் போய் அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, எந்தப் புதுச் சீலையும் அது தள்ளிவிடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்து, இணைப்பின் அடியில் மட்டும் புது ஆயில் வந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். அப்போது கிளட்ச் பிளேட்டையும் பாருங்கள். ஆயில் பட்டிருந்தால் கையோடு மாற்றிவிடலாம், இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

அதுவரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் ஆயில் சொட்டுவது தெரிந்தால் மட்டும் வண்டியை அதோடு நிறுத்திவிடுங்கள். தீப்பிடிக்கும்.