நாலு சக்கரமும் சுத்தணும்: வாசகர் கேள்வி பதில்

பழைய 4x4, ஆல்-வீல்-டிரைவ் கார் வச்சு வீட்டுலயே நோண்டிட்டு இருக்கறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், மூட்டை மூட்டையா வந்துருச்சு. அதுல பாதி பேர் கேட்டது பவர் எப்படி ஏத்தறதுன்னுதான். அதுக்கு அப்புறமா வரலாம், முதல்ல இருக்கற பவர் நாலு சக்கரத்துக்கும் ஒழுங்கா போகுதான்னு பாப்போம்.

கே: என்கிட்ட 2005 மாடல் ஹோண்டா சிஆர்-வி 4x4 இருக்கு. பார்க்கிங்ல ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சு மெதுவா திருப்பும்போது பின்னாடி இருந்து "ம்ம்ம்"னு ஒரு முனகல், லேசா அதிருது வேற. நேரா போனா ஒண்ணும் இல்ல. ஒர்க்ஷாப்ல பின் டிஃபரென்ஷியலையே மாத்தணும்னு பெரிய தொகை சொல்றாங்க. மாத்திரலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

ப: சார், பர்ஸை உள்ள வைங்க. அந்த முனகல் இந்த வண்டிக்கே உரிய நோய், பத்துல எட்டு வண்டிக்கு ஆயில் மாத்தினாலே போயிரும்.

டிஃபரென்ஷியல்னா ரெண்டு பக்கத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் செட். உங்க வண்டியில பின் டிஃபரென்ஷியலுக்கு முன்னாடி ரெண்டு ஹைட்ராலிக் பம்ப்பும், தட்டு தட்டா அடுக்கின ஒரு கிளட்ச் பேக்கும் இருக்கு. ஒரு பம்ப்பை முன்னாடி இருந்து பவர் கொண்டு வர்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ங்கற நீளத் தண்டு சுத்தும், இன்னொண்ணை பின் சக்கரம் சுத்தும். ரெண்டும் ஒரே வேகத்துல சுத்துனா பிரஷர் ஏறாது, வண்டி முன் சக்கரத்துலயே ஓடும். முன் சக்கரம் சேத்துல வழுக்குச்சுன்னா முன் பம்ப் வேகமா சுத்தி பிரஷர் ஏறி கிளட்சை அழுத்தும், பின் சக்கரத்துக்கும் பவர் போகும், அவ்வளவுதான் விஷயம், கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்ல. ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சா முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும், அதனால அப்பவும் கொஞ்சம் பிரஷர் ஏறத்தான் செய்யும். ஆயில் நல்லா இருந்தா கிளட்ச் தட்டு சத்தமில்லாம நழுவும், ஆயில் செத்துப்போச்சுன்னா பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு நழுவும், உங்களுக்குக் கேக்கறது அந்தச் சத்தம்.

இதுக்கு ஹோண்டாவோட டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான் ஊத்தணும். கடைக்காரர் "எல்லா டிஃபரென்ஷியலும் ஒண்ணுதான் சார்"னு 90 நம்பர் கியர் ஆயிலை நீட்டுவார், வாங்கிராதீங்க, அதை ஊத்தித்தான் நிறைய வண்டி கெட்டுருக்கு. வண்டியை சமமா நிறுத்தி, மேல இருக்கற ஃபில் போல்ட்டை முதல்ல கழட்டுங்க, கீழ இருக்கற டிரெயின் போல்ட் அப்புறம்தான். கீழ உள்ளதை முதல்ல கழட்டி ஆயிலை எல்லாம் விட்டுட்டு மேல உள்ளது துருப்பிடிச்சு வரலைன்னா வண்டி அங்கயே உக்காந்துரும். ரெண்டு போல்ட்டுக்கும் தலையில சதுர ஓட்டை, 3/8 இன்ச் ராட்செட்டை நேரடியா சொருகலாம், வேற சாக்கெட் வேண்டாம். ஒரு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், மேல் ஓட்டையில வழியற வரைக்கும் ஊத்துங்க, வாஷர் புதுசா போடுங்க.

அப்புறம் காலி கிரவுண்டுல எட்டு போட்டு ஓட்டுங்க, ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு. முனகல் குறைஞ்சு ஆனா முழுசா போகலைன்னா இன்னொரு தடவை மாத்துங்க, கிளட்ச் தட்டு நடுவுல ஒட்டியிருக்கற பழசு ஒரே தடவையில வராது. அதுக்கப்புறமும் சத்தம் வந்தா ஒர்க்ஷாப்காரர் சொன்னதைப் பத்தி யோசிக்கலாம்.

கே: செவர்லே ஃபாரெஸ்டர் வச்சிருக்கேன், மேனுவல் கியர். முன்னாடி ரெண்டு டயர் மட்டும் புதுசு போட்டேன், பின்னாடி பழசுல இன்னும் பட்டன் இருக்கு. நண்பர் ஒருத்தர் நாலையும் மாத்தியே ஆகணும்னு பயமுறுத்தறார். நிஜமா? — கோத்தகிரி வாசகர்

ப: உங்க நண்பர் சொல்றது நிஜம். பேட்ஜ்தான் செவர்லே, வண்டி சுபாரு. செவர்லேவோட தாய்க் கம்பெனி ஜிஎம் அப்போ சுபாரு கம்பெனியில பங்கு வச்சிருந்துச்சு, 2005ல வித்துட்டு வெளிய வந்துருச்சு, அந்த நட்புல இங்க வந்த வண்டி இது. அதனால சுபாருவோட கண்டிஷன் எல்லாம் உங்களுக்கும் உண்டு, நாலு டயரோட சுத்தளவும் கால் இன்ச்சுக்குள்ள ஒத்திருக்கணும்னு அவங்க சொல்றாங்க. கால் இன்ச் சுத்தளவுன்னா பட்டன் உயரத்துல வெறும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம்!

கணக்கு போட்டே பாத்துருவோம். 215/60 ஆர்16 டயர்னு வச்சுக்கங்க, புதுசுல 8 மில்லிமீட்டர் பட்டன், பழசுல 3. புதுசோட சுத்தளவு சுமார் 2087 மில்லிமீட்டர், பழசு 2056. அப்போ கிலோமீட்டருக்கு பின் டயர் முன் டயரை விட 7 சுத்து கூட சுத்தும். மேட்டுப்பாளையத்துல இருந்து நீங்க மேல ஏறி வர்றதுக்குள்ள 200 சுத்துக்கு மேல வித்தியாசம். இந்த வித்தியாசத்தை எல்லாம் கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற சென்டர் டிஃபரென்ஷியல்தான் வாங்கிக்குது, அது கூடவே விஸ்கஸ் கப்ளிங்னு ஒண்ணு இருக்கு, சிலிக்கோன் திரவத்துக்குள்ள தட்டுகள் சுத்தும். முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் மாறுச்சுன்னா அது சூடாகி ரெண்டையும் இழுத்துப் பிடிக்கும், எப்பவாவது வழுக்கற இடத்துல வேலை செய்யறதுக்காக வச்சது. நீங்க அதை நல்ல ரோட்டுல நாள் முழுக்க வேலை வாங்கறீங்க, அடுப்புல வச்சு மறந்துட்ட பாகு மாதிரி திரவம் இறுகிப்போயி ஒருநாள் மொத்தமா பிடிச்சுக்கும்.

தையல் டேப் எடுத்து நாலு டயரையும் நடுப்பட்டன் மேல சுத்தி அளங்க, காத்து நாலுலயும் சமமா இருக்கட்டும். வித்தியாசம் ரொம்ப இருந்தா இன்னும் ரெண்டு டயர் அதே கம்பெனி, அதே பேட்டர்ன்ல வாங்கறதுதான் வழி, பழசுல நல்லதை ஸ்டெப்னிக்கு வச்சுக்கங்க. இனிமே 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாத்திப் போட்டுட்டே வந்தீங்கன்னா நாலும் சேந்தே தேயும். வண்டி வழியில நின்னா ரெண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துட்டுப் போற வேலையும் வேண்டாம், வண்டியை மொத்தமா மேல ஏத்திட்டுப் போற பிளாட்பெட் கூப்பிடுங்க.

கே: ஆல்-வீல்-டிரைவ் காரை உலகத்துலயே முதல்ல செஞ்சது ஆடிதானே? பந்தயம் கட்டியிருக்கேன். — திருநெல்வேலி வாசகர்

ப: பந்தயப் பணத்தை எடுத்து வைங்க. ஆடி குவாட்ரோ 1980ல ஜெனிவா ஷோவுல வந்துச்சு, ராலியில எல்லாரையும் அடிச்சு நொறுக்குச்சு, அதனால பேர் அதுக்குப் போயிருச்சு. இங்கிலாந்துல ஜென்சன் எஃப்எஃப் 1966லயே வந்தாச்சு, 320 கார்தான் செஞ்சாங்க. ஜப்பான்ல சுபாரு லியோன் வேன் 1972ல. அதுக்கெல்லாம் முன்னாடி 1903ல டச்சுக்காரங்க ஸ்பைக்கர் ஒரு ரேஸ் காருக்கு நாலு சக்கரத்துக்கும் பவர் குடுத்துட்டாங்க.

கே: நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ஸ்காபரோவில. என்னட்ட 2002 சுபாரு அவுட்பேக் இருக்கு, 2.5 எஞ்சின், ஓட்டோமெட்டிக். ஸ்டியரிங்கை முழுசா வெட்டினா கார் பிரேக் பிடிச்ச மாதிரி இறுகுது. எஞ்சினுக்குக் கீழ எண்ணெயும் கசியுது. நான் ஸ்னோ காலத்துக்கு முன்னம் வீட்டு கராஜிலயே செய்து முடிக்க யோசிக்கிறன். செய்யலாமோ? — ஸ்காபரோ வாசகர், கனடா

ப: தாராளமா செய்யலாம் அண்ணே, ஆனா ரெண்டும் வேற வேற வியாதி.

முதல்ல இறுக்கம். பானெட்டுக்குள்ள எஃப்டபிள்யூடின்னு (முன் சக்கர டிரைவ்) எழுதின காலி ஃபியூஸ் ஹோல்டர் ஒண்ணு இருக்கும், அதுல ஒரு ஃபியூஸைச் சொருகுங்க, டேஷ்போர்டுலயும் அதே எழுத்து எரியும். இப்போ கியர்பாக்ஸ் பின் சக்கரத்தை விட்டுரணும். அதே மாதிரி வெட்டி ஓட்டிப் பாருங்க. இறுக்கம் போயிருச்சுன்னா பின் சக்கரத்துக்குப் பவர் குடுக்கற கிளட்ச் விடற நிலைமையிலதான் இருக்கு, ஏடிஎஃப்ங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ரெண்டு மூணு தடவை இறக்கி ஊத்தினாலே பல வண்டி சரியாயிருக்கு. ஃபியூஸ் போட்டும் இறுகுதுன்னா அந்த கிளட்சைக் கட்டுப்படுத்தற மின் வால்வு, டியூட்டி சி சாலினாய்டு, செத்திருக்கும், இல்ல கிளட்ச் தட்டு ஒட்டியிருக்கும். அந்த சாலினாய்டுக்கு கரண்ட் போகலைன்னா வண்டி நாலு சக்கரத்தையும் லாக் பண்ணிரும், அப்படித்தான் அதை டிசைன் பண்ணிருக்காங்க. பின்னாடி இருக்கற ஹவுசிங்கைக் கழட்டித்தான் ஆகணும், கியர்பாக்ஸை இறக்கணும்னு இல்ல. டயர் விஷயம் கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதை நீங்களும் படிங்க, ஸ்னோ டயர் ரெண்டு மட்டும் போடற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுருங்க. ஃபியூஸை சோதனைக்கு மட்டும் வச்சுக்கங்க, அதோடயே குளிர்காலம் முழுக்க ஓட்டினா ஆல்-வீல்-டிரைவ் வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல.

எண்ணெய்க் கசிவு, அந்தக் காலத்து 2.5 எஞ்சினோட ஊரறிஞ்ச ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) பிரச்சினையா இருக்கலாம். அதுக்கு முன்னாடி வால்வ் கவர் கேஸ்கெட்டை நல்லா பாத்துருங்க, அது சின்ன வேலை, அங்க கசிஞ்சாலும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எஞ்சினைத் துடைச்சுட்டு ஒரு வாரம் ஓட்டிட்டு, ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கோடு கீழ்ப்பக்கம் ஈரமா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹெட்தான்னு உறுதியாச்சுன்னா பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டாப் போடுங்க, ஹெட்டை கட்டாயம் லேத்துல குடுத்து சமம் பாருங்க. கையோட டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஐட்லர் எல்லாம் மாத்திருங்க, இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும்.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்கு. ரோட்டுல உப்பு கொட்டற ஊர் உங்களது, கீழ படுத்து பின் சப்ஃபிரேமையும் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கற சட்டம்) பிரேக் குழாயையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. ஸ்க்ரூடிரைவர் உள்ள போச்சுன்னா எஞ்சினுக்கு ஒரு டாலரும் செலவு பண்ணாதீங்க.

கே: ஜிப்சிக்கு டீசல் எஞ்சின் போட்டு, பெரிய டயரும் ஏத்தலாம்னு இருக்கேன். இப்பவே 60 தாண்டினா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது, அதுக்கும் சேத்து ஒரு வழி சொல்லுங்க. — போடி வாசகர்

ப: டீசலை மறந்துருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. ஆர்சியில பெட்ரோல்னு இருக்கற வண்டியில டீசல் எஞ்சின் இருந்தா விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுருவான். 15 வருஷம் தாண்டின காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 2022 ஏப்ரல்ல இருந்து 600 ரூபாயை 5,000 ஆக்கினாங்க, அவ்வளவு கட்டி ஆர்டிஓ முன்னாடி வண்டியை நிறுத்தி எஞ்சின் நம்பர் இடிக்கறதெல்லாம் தேவையா சொல்லுங்க.

ஆட்டத்துக்கு வருவோம். முன் சக்கரத்தை ஜாக்கி போட்டு ஸ்டாண்டுல நிறுத்தி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா வீட்டுல ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங்பின் பேரிங், அதாவது ஸ்டியரிங் ஒடிக்கும்போது சக்கரம் திரும்பற அச்சோட பேரிங். ஜிப்சியில பெரும்பாலும் ரெண்டாவதுதான், கூடவே லீஃப் ஸ்ப்ரிங் புஷ்ஷும் ஷாக்கிளும் தேஞ்சிருக்கும். இதுக்கு மேல பெரிய டயரை ஏத்தினா ஆட்டம் ரெண்டு மடங்காகும், இழுவை குறையும், ஸ்பீடோமீட்டரும் கம்மியா காட்டும். அப்புறம் இது ஆல்-வீல்-டிரைவ் இல்ல, நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது, காஞ்ச தார் ரோட்டுல 4எச் (நாலு சக்கரமும் சேந்து இழுக்கற கியர்) போட்டு ஓட்டற ஆசாமியா இருந்தா அதையும் நிறுத்துங்க. அப்கிரேடுன்னு ஏதாவது செஞ்சே ஆகணும்னா ஹெட்லைட்டுக்கு ரிலே வச்சு தனி வயரிங் இழுங்க. பேட்டரியில எவ்வளவு வோல்ட், பல்பு முனையில எவ்வளவு வோல்ட்னு மீட்டர் வச்சுப் பாருங்க, பழைய வயர் எவ்வளவு முழுங்குதுன்னு நீங்களே அசந்துருவீங்க. போடி மெட்டு ராத்திரி ஏறும்போது இதோட அருமை தெரியும்.

கே: ஸ்கோடா யெட்டி 4x4, வாங்கினதுல இருந்து ஹால்டெக்ஸ் (பின் சக்கரத்துக்குப் பவர் குடுக்கற கிளட்ச்) ஆயில் மாத்தினதா பில்லே இல்ல. வண்டி நல்லாத்தான் ஓடுது. மாத்தணுமா? — ஓசூர் வாசகர்

ப: முன் சக்கரத்துல மட்டும் ஓடினாலும் ரோட்டுல நல்லாத்தான் இருக்கும், வார்னிங் லைட்டும் வராமப் போகலாம். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். மண்மேட்டுல ஒரு தடவை ஏத்திப் பாருங்க, முன் சக்கரம் சுத்தி மண்ணைத் தோண்டுது, பின் சக்கரம் சும்மா நிக்குதுன்னா பம்ப் காலி.

கே: கேள்வி கார் பத்தினது இல்ல, கார்க்காரரைப் பத்தினது. எங்க வீட்டுக்காரர் பழைய கிராண்ட் விட்டாரா ஒண்ணு வாங்கி போர்ட்டிக்கோவுல பிரிச்சுப் போட்டிருக்கார், தீபாவளிக்குள்ள முடிஞ்சுரும்னார், இப்போ அடுத்த தீபாவளியே வருது. கட்டிலுக்கு அடியில ஏதோ நீளமா ஒரு இரும்புத் தண்டு கிடக்கு, தொடவும் விட மாட்டேங்கறார். என்னங்க பண்றது? — திருச்சி வாசகி

ப: அம்மா, உங்க பக்கம்தான் நான். அந்தத் தண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைத் தொட விடாததுல மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கு, கீழ போட்டு அடிபட்டா பேலன்ஸ் போயிரும். மத்தபடி அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. கழட்டின போல்ட்டை எல்லாம் கவர்ல போட்டு எது எதுன்னு எழுதி வச்சிருக்காரா? ஷாஃப்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் போல்ட் போட்டு சேக்கற தட்டுலயும் (ஃபிளாஞ்ச்) பெயிண்ட்ல கோடு போட்டாரா? கழட்டின அதே நிலையில மாட்டலைன்னா 80ல வண்டி உதறும். ரெண்டுக்கும் பட்டுனு "ஆமா"ன்னு சொன்னார்னா தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க, முழிச்சார்னா நாளைக்கே ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, கூலி அவர் பாக்கெட்ல இருந்து.