பேலிக்ஸ் பயந்தான், அப்புறம்?

கேள்வி: தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று வேதம் சொல்லும்போது, நியாயத்தீர்ப்பு, நரகம் என்று பேசி விசுவாசிகளை ஏன் பயமுறுத்துகிறீர்கள்? அதெல்லாம் பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிட்டதல்லவா?

பதில்: முடியவில்லை, சகோதரரே. பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்பவர் போதித்தார், கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரை வெளியே அனுப்பிவிட்டது. சுவிசேஷங்களில் நரகத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிப்பவர் யார்? இயேசுவேதான். மத்தேயு 25-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள், கடைசி நியாயத்தீர்ப்பில் இடது பக்கம், தண்டனைக்கென்று நிறுத்தப்பட்டவர்களும் "ஆண்டவரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர்கள்மேல் கொலையோ களவோ சொல்லப்படவில்லை, பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை, காவலில் இருந்தவனைப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் குற்றச்சாட்டு.

அப்போஸ்தலர் நடபடிகள் 24-ஆம் அதிகாரத்தில் வரும் ரோமத் தேசாதிபதி பேலிக்ஸைப் பாருங்கள். மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து, சிறையிலிருந்த அப்போஸ்தலர் பவுலை வரவழைத்துக் கேட்கிறான். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசப் பேச அவனுக்குப் பயம் வந்துவிட்டது. உடனே, இப்போது நீ போகலாம், சமயம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகும் பலமுறை கூப்பிட்டுப் பேசினான், ஆனால் பவுல் பணம் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில்! இரண்டு வருஷம் ஒரு நிரபராதியைச் சிறையில் வைத்திருந்து, பதவியை விட்டுப் போகும்போதும் யூதர்களைப் பிரியப்படுத்த அப்படியே விட்டுப்போனான். வெறும் பயம் ஒருவனை மாற்றாது என்பது எனக்கும் தெரியும், நீங்கள் கேட்பதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் நியாயத்தீர்ப்பே வேண்டாம் என்று யாருக்காகச் சொல்கிறீர்கள்? வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்கு எட்டியது என்று யாக்கோபு எழுதுகிறார். அந்தக் கூலிக்காரனிடம் போய், தேவன் அன்பானவர், அதனால் யாரையும் கணக்குக் கேட்கமாட்டார் என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்கு அது அன்பாகவா தெரியும்? பறிகொடுத்தவனுக்கு நியாயாதிபதி வருகிறார் என்பதுதான் நற்செய்தி.

ஊரார் பாவத்தை மட்டும் அடுக்கி நரகத்தைக் காட்டுகிற பிரசங்கத்தை நானும் ஏற்கவில்லை. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்றுதான் பேதுரு எழுதினார். அப்படியானால் முதலில் நிற்கவேண்டியது நாம்தான், சபைக் கணக்கு எழுதுகிறவர், வேலைக்காரிக்குச் சம்பளம் தள்ளிப்போடுகிறவர், இந்தப் பதிலை எழுதுகிற நான் உட்பட.