வாய்க்கா கரையில ஓட்டி பழகுனவங்க மலை ஏறலாமா?

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, நாங்க கும்பகோணம் பக்கம். சம்பா நடவு முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறோம். நான், வீட்டுல, ரெண்டு பசங்க, 68 வயசு அம்மா, அஞ்சு பேரும் கார்ல ஒரே நாள்ல ஏதாச்சும் மலைக்கு போய்ட்டு வரணும். பசங்க கொடைக்கானல்ங்கிறாங்க, நான் கொல்லிமலைங்கிறேன். மலையில நான் வண்டி ஓட்டினதே இல்ல.

பதில்: நீங்க சொல்றதுதான் சரி தம்பி. கொடைக்கானல் ஒரே நாளுக்கு ஆகாது, அதுவும் போக 2024 மே மாசத்துலேருந்து கோர்ட் உத்தரவுப்படி அங்க இ-பாஸ் வேற எடுக்கணும். கொல்லிமலையும் ஒண்ணும் கிட்டக்க இல்ல, ஒரு பக்கம் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல வரும், அதனால காலைல மூணரைக்கே கெளம்பிடுங்க. திருச்சி தாண்டி குணசீலம், முசிறி, தொட்டியம்னு காவிரி வடகரையிலயே வாழைத்தோட்டமா போற ரோட்டுல பொழுது விடியணும், அதுவே பாதி டூர். போறப்ப மேற்க போறீங்க, சாயங்காலம் கெழக்க வர்றீங்க, ரெண்டு நேரமும் வெயில் முதுகுலதான், கண்ணு கூசாது. டீசல் பெட்ரோல் எல்லாம் நாமக்கல்லயே ரொப்பிக்குங்க. அப்புறம் சேந்தமங்கலம் வழியா காரவள்ளி அடிவாரம், அங்கேருந்து 70 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கும், பசங்கள எண்ண சொல்லுங்க, போன கீழ வச்சிடுவாங்க.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஆகாய கங்கை அருவிய இந்த தடவை விட்டுடுங்க. 300 அடி அருவி, அழகுல கொறையே சொல்ல முடியாது, ஆனா ஆயிரத்துக்கு மேல படி, எறங்கறப்ப சிரிச்சிக்கிட்டே எறங்குவீங்க, ஏறி மேல வர்றதுக்குள்ள நாளே முடிஞ்சிடும், அப்புறம் அந்த நடுங்குற காலோட 70 வளைவு எறங்கி ராத்திரி கும்பகோணம் வரைக்கும் ஓட்டணும். அம்மாவ கூட்டிக்கிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போங்க, வாசல் வரைக்கும் கார் போகும். பசங்க தண்ணில ஆடணும்னா மாசிலா அருவி இருக்கு, அங்க படி கம்மி. வர்றப்ப சோளக்காடு சந்தையில மிளகும் அன்னாசியும் வாங்கிட்டு, மூணு மணிக்கெல்லாம் எறங்க ஆரம்பிச்சிடுங்க.

கேள்வி: ஏறுறது கஷ்டமா, எறங்குறது கஷ்டமா சார்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எறங்குறதுதான், சந்தேகமே வேணாம். நம்மூர்ல உசரம்னா பெரிய கோயில் விமானம் 216 அடி, அதையும் கீழ நின்னு கழுத்த தூக்கி பாத்ததோட சரி, வண்டிய மேல ஏத்தி எறக்குற பழக்கம் ஏது. நானே மொத தடவை எறங்கறப்ப பிரேக்க மிதிச்ச கால எடுக்கவே இல்ல, பாதி வழியில ஒரு கருகுன வாடை, யாரோ குப்பை கொளுத்துறாங்கன்னு நெனச்சேன், பாத்தா என் வண்டி சக்கரம்! விடாம மிதிச்சா பிரேக் பேட் சூடாகி பிடிமானம் போயிடும், ரொம்ப சூடாச்சுன்னா உள்ள இருக்க பிரேக் ஆயிலே கொதிச்சு, மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அதனால எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, ரெண்டாவது, வளைவுல தேவைன்னா ஒண்ணாவது. இன்ஜினே வண்டிய புடிச்சிக்கும், பிரேக்க விட்டு விட்டு தொட்டா போதும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுற ஆளுங்க இருக்காங்க, அவங்க கூட மலைக்கு போகாதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர 'L'லயோ (லோ கியர்) மேனுவல்லயோ போட்டுக்குங்க. வளைவுக்கு முன்னாடி ஹாரன், எதுத்தாப்ல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க, ஏத்தத்துல நின்னா அவங்களுக்கு திரும்ப எடுக்குறது செரமம்.

கேள்வி: ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா? (திருவாரூர் வாசகி)

பதில்: அக்கா, 1000 மீட்டர் ஏறுனா சுமாரா 6 டிகிரிதான் கொறையும். கொல்லிமலை 1000லேருந்து 1300 மீட்டர் உசரம், ஊட்டி நெனப்புல போகாதீங்க. மார்கழியில விடிகாலைன்னா எடுத்துக்குங்க, சித்திரையில எடுத்தா சும்மா மடியில வச்சிக்கிட்டு வரணும்.

கேள்வி: பையன் பஸ்ல போனாலே வாந்தி எடுக்குறான். 70 வளைவு தாங்குவானா? (பாபநாசம் வாசகி)

பதில்: கண்ணு ஒண்ணு சொல்லுது, காதுக்குள்ள இருக்குறது வேற சொல்லுது, அந்த கொழப்பம்தான் கொமட்டல். போன், புக்கு எதுவும் குடுக்காதீங்க, ரோட்ட தூரமா பாக்க சொல்லுங்க, ஜன்னல கொஞ்சம் எறக்கி விடுங்க. காலைல ரெண்டு இட்லி போதும், நாமக்கல்ல பொங்கல் வடைன்னு ஒரு கட்டு கட்டிட்டு ஏறாதீங்க. அப்படியும் எடுத்தான்னா வளைவுல நிறுத்தாம, ரோடு நேரா இருக்குற எடமா பாத்து ஓரங்கட்டுங்க, ரெண்டு மூணு பிளாஸ்டிக் கவரும் ஒரு தண்ணி பாட்டிலும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும், டிக்கில இல்ல.