சைக்கிளில் இதயத்துடிப்பு ஏறவில்லை என்ற கேள்விக்கு

ஓடும்போது சாதாரணமாக 150 தொடும் துடிப்பு சைக்கிளில் 135-ஐத் தாண்டுவதில்லை, அதற்குள் தொடை எரிகிறது என்கிறீர்கள். பல வருடம் ஓடியவர்களுக்கு இது வழக்கம்தான். உடல் எடையை சீட் தாங்கிக்கொள்கிறது. வேலையில் பெரும்பகுதி தொடையின் முன்தசையில் விழுகிறது. இதயம் தயார், தொடைதான் இன்னும் பழகவில்லை. தயவுசெய்து ஓட்டத்துக்கான எண்ணை இங்கே துரத்தாதீர்கள்.

நன்றாக வார்ம்-அப் செய்து, சிக்னல் இல்லாத சாலையில் 30 நிமிடம் முழு மூச்சாக மிதியுங்கள். கடைசி 20 நிமிடச் சராசரித் துடிப்புதான் சைக்கிளில் உங்கள் வரம்பு, அதாவது கடும் உழைப்பில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய துடிப்பு. நீண்ட, நிதானப் பயிற்சிக்கு அதில் 85 சதவீதம் போதும். அப்புறம், கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 85-90 சுற்று மிதித்துப் பாருங்கள். தொடை எரிச்சல் தணியும், துடிப்பும் சற்று ஏறும்.