ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டை எடிட்டரிலிருந்து பில்ட் செய்வது, டெஸ்ட் ஓட்டுவது: கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முக்கால்வாசிப் பேர் விஎஸ் கோட் பயன்படுத்துகிறார்கள். அதனால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ப்ராஜெக்ட்டின் சோர்ஸ் கோடை என் கணினிக்கு குளோன் செய்துவிட்டேன். முதலில் எந்த எக்ஸ்டென்ஷன்களைப் போட வேண்டும்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். டெர்மினலைத் திறந்து, ரீட்மீயில் சொல்லியிருக்கிறபடியே பில்ட் செய்யுங்கள். அப்புறம், கோடில் ஒரு வரியும் மாற்றாமல் டெஸ்ட்களை ஓட்டுங்கள். சில டெஸ்ட்கள் நீங்கள் கை வைப்பதற்கு முன்பே தோற்கலாம். அவை எவை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு உங்கள் மாற்றத்தால்தான் உடைந்தது என்று நினைத்து அலைவீர்கள்.

எடிட்டர் எதையும் தானாக பில்ட் செய்வதில்லை. வேலையைச் செய்வது சிமேக், மேசன், கார்கோ போன்ற பில்ட் கருவிகள். எடிட்டர் அவற்றைக் கூப்பிட்டு, அவை சொல்வதைப் படித்துக் காட்டுகிறது. டெர்மினலில் ஓடாதது எடிட்டரிலும் ஓடாது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

ரீட்மீ பழசாகிப்போயிருந்தால், கிட்ஹப் ப்ராஜெக்ட்களில் ஒர்க்ஃப்ளோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் யாமல் ஃபைல்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சிஐ ஓட்டுகிற கட்டளைகள் அங்கே வரி வரியாக இருக்கும். அவை தினமும் ஓடுவதால் பழசாக வழியில்லை.

கேள்வி: சி++ ப்ராஜெக்ட். டெர்மினலில் சுத்தமாக பில்ட் ஆகிறது. எடிட்டரில் மட்டும் ஹெடர் கிடைக்கவில்லை என்று எல்லா ஃபைலிலும் சிவப்புக் கோடு. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பைலருக்கு எந்த ஃபோல்டரில் ஹெடர்களைத் தேட வேண்டும், எந்த மேக்ரோக்கள் வரையறுக்கப்பட்டுள்ளன, எந்த சி++ தரம் என்பதெல்லாம் கட்டளை வரியிலேயே போய்விடுகிறது. எடிட்டருக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது, ஊகிக்கிறது. ஊகம் தவறும்போது சிவப்புக் கோடு வருகிறது. பலர் இன்க்ளூட் பாத்தை ஒவ்வொன்றாகக் கையால் சேர்க்கிறார்கள். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். ப்ராஜெக்ட் மாறும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருப்பீர்கள்.

சரியான வழி, கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் என்கிற ஃபைலை உருவாக்குவது. எந்த சோர்ஸ் ஃபைல் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்ற முழுப் பட்டியல் அதில் இருக்கும். சிமேக்கில் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற மாறியை ஆன் செய்தால் வந்துவிடும். ஆனால் நின்ஜா, மேக்ஃபைல் ஜெனரேட்டர்களில் (சிமேக் எந்தக் கருவிக்காக பில்ட் ஃபைல்களை எழுதுகிறது என்பது) மட்டும்தான் அது வேலை செய்யும். மேசன் கேட்காமலே பில்ட் ஃபோல்டரில் எழுதி வைக்கிறது. லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு மேக் டார்கெட் இருக்கிறது. வெறும் மேக்ஃபைல் என்றால் பேர் (Bear) என்கிற கருவியை முன்னால் போட்டு மேக் (make) ஓட்டுங்கள். ஏற்கெனவே பில்ட் ஆகியிருந்தால் பேருக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது, அதனால் முதலில் மேக் க்ளீன்.

ஃபைல் கிடைத்த பிறகு, சி++ கோடைப் படித்து எடிட்டருக்குப் பிழைகளைச் சொல்லும் கிளாங்டி எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். நீங்கள் திருத்தும் ஃபைலுக்கு மேலுள்ள ஃபோல்டர்களிலும், அவற்றுக்குள் பில்ட் என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரிலும் அது தானே தேடிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷனும் இருந்தால் அதிலுள்ள, இதே வேலையைச் செய்யும் இன்டெல்லிசென்ஸை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வரிக்கு இரண்டு விதமாகப் பிழை சொன்னால் எதை நம்புவது?

கேள்வி: கன்ட்ரோல் ஷிப்ட் பி அழுத்தினால் பில்ட் டாஸ்க் இல்லை என்கிறது.

ப்ராஜெக்ட்டுக்குள் புள்ளியோடு தொடங்கும் விஎஸ்கோட் ஃபோல்டரில் (.vscode) டாஸ்க்ஸ் ஜேசன் ஒன்று வேண்டும். டெர்மினலில் நீங்கள் அடித்த அதே கட்டளையை அதில் எழுதி, குரூப்பில் பில்ட் என்றும் அதுவே டீஃபால்ட் என்றும் குறியுங்கள். அடுத்து ப்ராப்ளம் மேட்சர். ஜிசிசி சொல்லும் பிழையை ஃபைல், வரி என்று பிரித்து, கிளிக் செய்தால் அந்த இடத்துக்கே கொண்டுபோவது அதுதான். அதை விட்டுவிட்டால் டாஸ்க்கால் பெரிய பயன் கிடையாது.

நின்ஜா பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. பிழைச் செய்தியில் வரும் பாத் பல சமயம் பில்ட் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். எடிட்டர் வேறு இடத்தில் தேடி ஃபைல் இல்லை என்று சொல்லும். மேட்சரில் ஃபைல் லொகேஷனை பில்ட் ஃபோல்டருக்கு ஒப்பானது என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: டெர்மினலில் ஓடுகிற கட்டளை, டாஸ்க்காகப் போட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது.

டாஸ்க் ஓடும் ஷெல், நீங்கள் உட்கார்ந்து டைப் செய்யும் ஷெல் போன்றது கிடையாது. பாஷ்ஆர்சியில் (டெர்மினல் ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) நீங்கள் சேர்த்த பாத் வரிகளை அது படிக்காமல் போகலாம். நோட், பைத்தான் பதிப்புகளை மாற்றித் தரும் என்விஎம், பைஎன்வ் பயன்படுத்துகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும் டெர்மினலிலிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள், அந்தச் சூழல் கூடவே வரும். முன்பே திறந்திருக்கும் எடிட்டரை முழுவதும் மூடிவிட்டுத் திறப்பது நல்லது. அப்படியும் வரவில்லை என்றால் டாஸ்க்கில் முழு பாத்தைக் கொடுங்கள்.

கேள்வி: டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்ட ரொம்ப நேரமாகிறது. ஒன்றை மட்டும் ஓட்ட முடியுமா? டெஸ்ட் பேனலும் காலியாக இருக்கிறது.

முடியும், அப்படித்தான் ஓட்ட வேண்டும். ஒரு வரியை மாற்றிவிட்டு விடை தெரிய அரை மணி நேரம் காத்திருந்தால் யாருக்கும் ஆர்வம் போய்விடும். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் கே (-k) என்ற ஆப்ஷனோடு பெயரின் ஒரு பகுதியைக் கொடுங்கள். சிமேக்கோடு வரும் சிடெஸ்டில் பெரிய எழுத்து ஆர் (-R). சி++க்கான கூகுள் டெஸ்டில் ஜிடெஸ்ட் ஃபில்டர். பைத்தானையே பில்ட் செய்கிறீர்கள் என்றால், பைடீபக் ஆப்ஷனோடு கான்ஃபிகர் செய்து, புதிதாக உருவான பைத்தானைக் கொண்டே டெஸ்ட் மாட்யூலை ஓட்டி, பக்கத்தில் டெஸ்ட் ஃபைலின் பெயரைக் கொடுக்கலாம். மேக்ஓஎஸ் கணினியில் அந்த பில்டின் பெயர் பைத்தான் டாட் ஈஎக்ஸ்ஈ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பைத்தான் என்று பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காத ஃபைல் சிஸ்டத்தில் மோதக்கூடாது என்பதற்காக அப்படி.

பைத்தான் ப்ராஜெக்ட்டில் பேனல் காலி என்றால், பெரும்பாலும் எடிட்டர் தேர்ந்தெடுத்த இன்டர்ப்ரெட்டர் உங்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் இல்லை, அல்லது ப்ராஜெக்ட்டை எடிட்டபிள் முறையில் (திருத்தும் கோடே நேரடியாக ஓடும்படி) இன்ஸ்டால் செய்யவில்லை. எந்த இம்போர்ட் உடைந்தது என்று அவுட்புட் பேனலில் பைத்தான் பகுதி சொல்லும். அதைப் படிக்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: டெஸ்ட்டை டீபக் செய்தால் பிரேக்பாயின்டில் நிற்பதே இல்லை.

பைத்தான் என்றால் முதலில் கவரேஜை (டெஸ்ட்கள் எந்தெந்த வரிகளை ஓட்டின என்று கணக்கெடுப்பது) சந்தேகியுங்கள். அதைக் கணக்கெடுக்கும் பைடெஸ்ட்-கவ் ஓடும்போது டீபக்கரும் அதுவும் ஒன்றோடொன்று மோதும். டீபக் கான்ஃபிகரேஷனில் பைடெஸ்ட் ஆட்ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறிக்கு நோ-கவ் என்று கொடுத்தால் நிற்கும்.

சி, சி++ என்றால் பில்ட் டைப்பைப் பாருங்கள். சிமேக்கில் எதுவும் சொல்லாமல் விட்டால் பொதுவாக டீபக் தகவலே இருக்காது. டீபக் என்று கொடுத்து, தனி ஃபோல்டரில் பில்ட் செய்யுங்கள். நிற்கிறது, ஆனால் மாறிகள் "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்று காட்டுகின்றன என்பதற்கும் இதே மருந்துதான். ஆட்டோடூல்ஸ் ப்ராஜெக்ட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பில்ட் ஃபோல்டரில் ப்ரோக்ராம் போலத் தெரிவது சில சமயம் லிப்டூல் எழுதிய ஷெல் ஸ்க்ரிப்ட். நிஜ பைனரி அதற்குள்ளிருக்கும் லிப்ஸ் என்ற மறைவு ஃபோல்டரில் கிடக்கும்.

கேள்வி: மூன்று வரி மாற்றினேன். அனுப்பிய பேட்ச்சில் ஃபைல் முழுக்க மாறியிருப்பதாகத் திருப்பிவிட்டார்கள்.

சேவ் செய்யும்போது ஃபார்மட் செய்யும் வசதிதான் காரணம். ஃபார்மட் ஆன் சேவ் மோடை மாடிஃபிகேஷன்ஸ் என்று மாற்றினால், உங்கள் ஃபார்மட்டருக்கு அந்த வசதி இருக்கிறபட்சத்தில், நீங்கள் தொட்ட வரிகள் மட்டும் மாறும். வரி முடிவிலுள்ள வெற்றிடத்தை நீக்கும் செட்டிங்கையும் அணையுங்கள். ரிவ்யூ செய்கிறவர் தன் சொந்த நேரத்தில் படிக்கிறார். அந்த மூன்று வரியை அவர் தேடிப் பிடிக்கும்படி வைக்கக்கூடாது. கமிட்டுக்கு முன் கிட் டிஃப்பை ஒருமுறை நீங்களே முழுசாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி: என் விஎஸ்கோட் ஃபோல்டரையும் கமிட் செய்யலாமா?

ப்ராஜெக்ட் கேட்டால் தவிர வேண்டாம். கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ, அதற்குள் எக்ஸ்க்ளூட் என்ற ஃபைலில் அதன் பெயரை எழுதுங்கள். உங்கள் கணினியில் மட்டும் மறைந்திருக்கும், பொதுவான கிட்இக்னோரைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: ஃபோல்டரைத் திறந்ததும் இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. ஆம் என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

அவசரப்படாதீர்கள். 2021இல் இந்தக் கேள்வியைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஃபோல்டர் திறந்தவுடனே ஓடும்படி டாஸ்க்கை எழுத முடியும். பில்ட் ஸ்க்ரிப்ட்டும் உங்கள் கணினியில் உங்கள் உரிமையோடு ஓடும் ப்ரோக்ராம்தான். பலர் பார்த்துப் பழகிய ப்ராஜெக்ட் என்றால் சரி. யாரோ அனுப்பிய ஃபோர்க் (ப்ராஜெக்ட்டின் தனி நகல்) என்றால், முதலில் ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறந்து டாஸ்க் ஃபைலைப் படியுங்கள், பிறகு கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கும் கன்டெய்னருக்குள் பில்ட் செய்யுங்கள்.

கேள்வி: நான் நியோவிம் ஆள். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடன்வி மூவரும் 2016 ஜூனில், எடிட்டரும் மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ளும் பொது முறையான லாங்க்வேஜ் சர்வர் ப்ரோட்டோகாலை அறிவித்த பிறகு, மொழி பற்றிய அறிவு எடிட்டரை விட்டு வெளியே போய்விட்டது. அதே கிளாங்டி, அதே கம்பைல் கமாண்ட்ஸ் ஃபைல். டாஸ்க்குக்குப் பதிலாக மேக்பிஆர்ஜி, ப்ராப்ளம் மேட்சருக்குப் பதிலாக எரர்ஃபார்மட். நியோவிம்முக்கு மூலமான விம்மில் இவை இரண்டும் பல காலமாக இருக்கின்றன. மேக் (:make) கட்டளையைக் கொடுத்தால் பிழைகள் குவிக்ஃபிக்ஸ் பட்டியலில் வந்து நிற்கும், சி-நெக்ஸ்ட் அடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போகலாம்.