மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் ஆட்டிசக் குழந்தையை வகுப்பில் எப்படிச் சமாளிப்பது?

அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் திடீர்ச் சத்தம் தாங்க முடியாத வேதனை. அடுத்து என்ன என்று தெரியாத பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

மேசை ஓரத்தில் அன்றைய பாடவேளைகளைப் படங்களாக மேலிருந்து கீழாக ஒட்டுங்கள்: தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு. ஒன்று முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து உறையில் போடட்டும். மணி அடிப்பதற்கு 5 நிமிடம் முன்பே படத்தைக் காட்டி, “முதல்ல கணக்கு, அப்புறம் சாப்பாடு” என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பதில் வரவில்லையே என்று அதையே வேறு வார்த்தைகளில் சொன்னால், குழந்தை முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்படியும் கதறினால் விளக்கம் சொல்லாதீர்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பேச்சைக் குறைத்து, ஏற்கெனவே பழக்கிய அமைதியான மூலைக்கு அழைத்துப் போங்கள். இருக்கையை மணியிலிருந்து தள்ளிப் போடுங்கள்.