குடியை விட்டபின் பதற்றம்: நண்பர் தரும் அல்பிரசோலம் வேண்டாம்

பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் அல்பிரசோலத்தைத் தொடாதீர்கள், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் போடும் எஸ்சிட்டலோபிராமை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடியை விட்டு 3 மாதம், எஸ்சிட்டலோபிராம் தொடங்கி 8 நாள், பதற்றம் கூடிவிட்டது, நண்பர் தன்னுடைய அல்பிரசோலத்தில் பாதி தருகிறார் என்கிறீர்கள். அந்தப் பாதி மாத்திரை, மூளையில் மது தொடும் அதே காபா ஏற்பிகளைத்தான் (மூளையை அமைதிப்படுத்தும் இடங்களை) தொடும். சீக்கிரமே நிம்மதி தரும், அதனாலேயே அடிமையாக்கும், சிக்கலே அதுதான்.

எஸ்சிட்டலோபிராம் அப்படிப் போதை தராது. அதைப் போடுவது மறுபடி குடியில் விழுந்த கணக்கில் வராது.

பதற்றம் கூடியதற்குப் பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராமின் தொடக்கமே காரணம். முதல் 1-2 வாரம் உள்ளுக்குள் படபடக்கலாம், தூக்கம் கெடலாம். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம்.

4 நாள் ஒரு தாளில் குறியுங்கள்: மாத்திரை போட்ட நேரம், காபி குடித்த நேரம், படபடப்பு வந்த நேரம். (என் தாளில் பாதிக் குற்றவாளி காபிதான்.) அதோடு மருத்துவரிடம் போங்கள், குடித்ததை மறைக்காமல். அவர் அளவைக் குறைக்கலாம், பஸ்பிரோன் போல அடிமையாக்காத மருந்தும் உண்டு.

அப்புறம், ஏற்கெனவே தினமும் அல்பிரசோலம் போட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். சாகத் தோன்றினால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.